முப்பத்து மூன்று டிகிரி

படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு மருந்தே கிடையாது. படிக்காதவன் தப்புச் செய்தால் பக்கத்தில் இருப்பவன் கையைப் பிடித்துத் தடுத்துவிடுவான். என்னை எவன் தடுப்பான்? கச்சிராயபாளையத்தில் பன்னிரண்டு வருஷமாக உயிரியல் நடத்துகிற வாத்தியார் நான். நான் ஒன்றைச் சொன்னால் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு கேட்கும். என் அக்கா இஞ்ஞாசியம்மாளும் கேட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கல்வராயன் மலைமேல் ஒளிந்திருந்த தன் ஒரே மகனை, அவன் குடகுக்குப் போவதற்குள் ஒருதரம் பார்த்துவிட வேண்டும். அதற்கு மலை ஏற வேண்டும், மலை ஏற முட்டி வேண்டும். முட்டியை நான் சரிசெய்து தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

அக்கா எனக்குப் பதினாலு வயது மூத்தவள். என்னைப் பெற்ற எட்டாம் நாள் அம்மா போய்விட்டாள். அன்றிலிருந்து என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே வளர்ந்தவள் அக்கா. நடவு, களையெடுப்பு, கரும்புத் தோகை உரிப்பு என்று எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் போவாள். அந்தக் கூலியில்தான் நான் விழுப்புரத்தில் காலேஜ் படித்தேன். அவள் புருஷன், பிள்ளைக்கு மூன்று வயதாகும்போதே செத்துப்போனான். எனக்கு வேலை கிடைத்தது, செலினாவைக் கல்யாணம் செய்தேன், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா ஊர் நாலே மைல். சைக்கிளில் அரைமணி நேரம். நான் போனது வருஷத்துக்கு இரண்டு தரம், கிறிஸ்துமசுக்கும் மாதா தேருக்கும். சண்டை ஒன்றும் இல்லை. பிள்ளைகள், டியூஷன், அது இதென்று பத்து வருஷம் ஓடிவிட்டது. நன்றிகெட்ட ஜென்மம் என்று யாராவது என் முகத்துக்கு நேராகத் திட்டியிருந்தால் அப்போதே புத்தி வந்திருக்கும்.

திட்டியது செலினாதான். எண்பத்தேழு மே மாதம் மாதா தேர்ப் பூசையில் எல்லோரும் முழங்காலில் நிற்க, அக்கா மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாங்க, உங்க அக்கா முட்டி போட முடியாம நிக்கறாங்க, நீங்க பாத்துக்கினு பேசாம இருக்கீங்க. நீங்கல்லாம் ஒரு தம்பியா?” என்றாள் செலினா, பூசை முடிவதற்குள்ளேயே.

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. ஜூலையில் அக்காவை பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் செந்தமிழ்ச்செல்வி என்று ஒரு டாக்டரம்மா. சின்னப் பெண், பொறுமைசாலி. நான் உயிரியல் வாத்தியார் என்று தெரிந்ததும் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எனக்குப் பாடமே நடத்திவிட்டாள்.

“ரெண்டு எலும்புக்கும் நடுவுல இடைவெளியே இல்ல பாருங்க சார். குருத்தெலும்பு போயிடுச்சு. இது சும்மா உரசி உரசித் தேயறது மட்டும் இல்ல. குருத்தெலும்புல இருக்கற செல்லே நொதிகளச் சுரக்குது. கொலாஜினேஸ்னு ஒண்ணு, அது கொலாஜன் நாரை வெட்டிப் போடும். பழசை எடுத்துட்டுப் புதுசு வைக்கறதுக்காக உடம்புல எப்பவும் இருக்கறதுதான். இந்த நோயில வெட்டறது ஜாஸ்தி ஆயிடுது, கட்டறது கம்மி ஆயிடுது.”

“வலிச்சிருக்குமே, இவ்ளோ நாள் எப்படித் தெரியாம இருந்துச்சு?” என்றேன்.

“குருத்தெலும்புல நரம்பு கிடையாதே சார். முக்கால்வாசி போனப்புறம்தான் வலியே தெரியும்.”

ஊசியால் முட்டியிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்தாள். எடுத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். முட்டியில் மேலே சதை கம்மி என்பதால் உள்ளே உடம்பைவிடச் சூடு குறைவு, முப்பத்து மூன்று டிகிரிதான் இருக்கும் என்றாள். வகுப்பில் சொல்ல நல்ல செய்தி என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்த நொதியை நிறுத்த மருந்து உண்டா என்று கேட்டதற்கு, வலிக்குத்தான் உண்டு, நொதிக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். குந்தி உட்காரக்கூடாது, மேடு ஏறக்கூடாது என்று எழுதிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் அக்கா கேட்டாள்: “இன்னாடா சொல்லுச்சு அந்தப் பொண்ணு?”

சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டவள், “அப்ப கொத்தனாரு வேலைக்கு வர்ல, இடிக்கறவன் மட்டும் தெனம் வந்துக்கினு இருக்கான்னு சொல்லு” என்றாள். சிரித்துவிட்டேன். என் பதினோராம் வகுப்புப் பயல்கள் ஒருத்தனுக்கும் இப்படிப் புரிந்ததில்லை.

செப்டம்பரில் மறியல் வந்தது. எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோடையே அடைத்துவிட்டார்கள். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை, ஒன்றும் இல்லை. அக்கா மகன் ஜோஸ்வா அதில் முன்னால் நின்றான். இருபத்திரண்டு வயது, பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் செய்துவிட்டு நாலு வருஷமாகச் சும்மா இருந்தவன். நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் ரோட்டில் நிற்கக்கூடாதல்லவா. ஜன்னல் வழியாக அவனைக் கூப்பிட்டு, “வேணாம்டா, வம்புல மாட்டிக்காத” என்றேன்.

“உங்களுக்கு வேலை இருக்குது மாமா. எனக்கு?” என்றான். நான் ஜன்னலையும் சாத்திக்கொண்டேன்.

அவன் செய்தது மரம் வெட்டியதும், மைக்கில் கோரிக்கைகளை வாசித்ததும்தான். ஆனால் மூன்றாம் நாள் யாரோ ஒரு ஜீப்பைக் கொளுத்திவிட்டார்கள். மைக்கில் கேட்ட குரல்தானே போலீசுக்குத் தெரியும்? முதல் குற்றவாளி என்று அவன் பெயரை எழுதிவிட்டார்கள். அன்றே மலைக்கு ஓடிவிட்டான். சந்தைக்குப் புளியும் கடுக்காயும் கொண்டுவருகிற மாயவன் என்ற மலைக்காரர், தன் வீட்டில் வைத்துக்கொண்டார். போலீஸ் இரண்டு தரம் அக்கா வீட்டுக்கு வந்து பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போனது.

அக்டோபர் கடைசியில் மாயவன் சந்தைக்கு வந்தபோது சேதி கொண்டுவந்தார். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்க ஒரு லாரி ஆள் போகிறது, ஜோஸ்வாவும் போகிறான், டிசம்பர் ஏழாம் தேதி திங்கட்கிழமை லாரி கிளம்பும் என்றார்.

“போறதுக்குள்ள அம்மாவ ஒருவாட்டி பாக்கணும்னு அழுவறான் சார். நானே கீழ எறங்கி வரேன்றான். நான்தான் வுடல” என்றார் மாயவன்.

பக்கத்தில் நின்ற அக்கா உடனே, “அவன் எறங்கக்கூடாது. நான் ஏறி வரேன்னு சொல்லு” என்றாள்.

மலைமேல் போகிற வெள்ளிமலை பஸ்ஸில் போகலாம். ஆனால் அடிவாரத்தில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அக்கா முகம் அவர்களுக்கு மனப்பாடம். கோமுகி அணைப் பக்கமிருந்து ஏறுகிற ஒற்றையடிப் பாதைதான் வழி. மலைக்காரர்களுக்கு மூன்று மணி நேரம். அக்காவுக்கு அப்போது கிணற்றடிக்குப் போய்வரவே கால்மணி ஆகும். மேடு ஏறக்கூடாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது.

“நான் போய்ப் பாத்துட்டு வரேன்க்கா. நீ சொல்றதச் சொல்றேன்” என்றேன்.

“நீ போனா நீ பாத்ததா ஆவும். நான் பெத்தவ, நான் பாக்க வேணாமா?” என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே கிடையாது, புருஷன் செத்த அன்றுகூட. அந்தப் பதற்றத்தில்தான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது.

நொதி என்றால் புரதம். புரதத்துக்குச் சூடு ஆகாது. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிப் போகிறது, திரும்ப நீராகாது. அதேபோல அறுபது டிகிரிச் சூட்டில் எந்த நொதியும் செத்துப்போகும். இதைத்தானே வருஷாவருஷம் நடத்துகிறேன்! அக்கா முட்டியைத் தின்கிற நொதியைச் சூடு போட்டுக் கொன்றுவிட்டால் தீர்ந்தது. இவ்வளவு சுலபமான விஷயம் பாண்டிச்சேரியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று எனக்குக் கர்வம் வேறு.

ஆற்று மணலை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்து, துணியில் மூட்டை கட்டி ஒத்தடம் கொடுப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. சூடு பொறுக்கும் வரை ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் வைப்பார்கள். நான் அதை விஞ்ஞானமாக ஆக்கினேன். பள்ளிக்கூட லேபிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வந்தேன். மணலுக்குள் செருகி அறுபது வந்ததும் மூட்டையைக் கட்டி, நாலைந்து மடிப்பு ஈரத்துணிக்குமேல் வைத்தேன். ஆறினால் அடுத்த மூட்டை. சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். தினம் ஒன்றரை மணி நேரம், நவம்பர் மாதம் முழுக்க, மழையிலும்கூட.

“இன்னாடா ஆசீரு, என் முட்டிய அவிச்சு மொளகாப்பொடி தூவிடுவ போலருக்குதே” என்பாள் அக்கா.

“பேசாம இரு, அக்கா. உள்ள இருக்கறது சாவட்டும்” என்பேன்.

முதல் வாரத்திலேயே, வலி கம்மியாக இருக்கிறது என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் பெருமை அடித்தேன். கணக்கு வாத்தியார் தன் மாமியாருக்குக்கூட ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். அக்காவின் முட்டித்தோல் கறுத்து, வலை போட்டதுபோலக் கோடு கோடாக ஆனது. சூட்டுக் கறுப்பு, போய்விடும் என்றேன். போகும்போதும் வரும்போதும் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். “பரவால்லடா” என்பாள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

லாரி கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, மறுநாள் மலை ஏற வேண்டுமே என்று சாயந்தரம் இரண்டு மணி நேரம் வைத்தேன். ஞாயிறு விடியும்போது போனால் வலது முட்டி கொஞ்சம் உப்பலாக இருந்தது. கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. “பாத்தியா, உள்ள இன்னும் வேலை செய்யுது” என்றேன். என் வாயில் மண்ணைப் போட.

மாயவன் அணைப் பக்கம் காத்திருந்தார். அக்கா ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே முறுக்கும், சந்தையில் வாங்கிய ஒரு சிவப்பு ஸ்வெட்டரும். குடகில் குளிர் ஜாஸ்தி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் ஏறினாள். நான் முன்னால் நடந்துகொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். மாயவன்தான் இரண்டு தரம், “அம்மா மூஞ்சி சரியில்ல சார், செத்த ஒக்காரலாம்” என்றார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பாதி வழியில் ஒரு ஓடை குறுக்கே வரும். அதைத் தாண்டி ஒரு கல்லில் வலது காலை ஊன்றி எழும்பினாள். முட்டி உள்ளே மடங்கிக்கொண்டது. “ஐயோ மாதாவே” என்று அப்படியே சாய்ந்தாள். புடவையை விலக்கிப் பார்த்தேன். என் கண் முன்னாலேயே முட்டி வீங்கிக்கொண்டு வந்தது. நீட்ட முடியவில்லை, மடக்க முடியவில்லை. கை வைத்தால் கொதித்தது.

“திரும்பிடலாம்க்கா” என்றேன்.

“முடியாது. தவழ்ந்துக்கினாவது வரேன்” என்று கையை ஊன்றி, அந்தக் கல்லிலும் முள்ளிலும் நிஜமாகவே தவழ ஆரம்பித்துவிட்டாள். நாலடி போவதற்குள் அலறினாள். நான் அவளைப் பிடித்து இழுத்தேன், அவள் என் கையைக் கடித்தாள். ஐம்பத்திரண்டு வயதுக்காரி, பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று தம்பி கையைக் கடிக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து நானும் அழுதேன்.

மாயவன்தான் மேலே ஓடினார். இரண்டு மணி நேரத்தில் ஜோஸ்வா வந்துவிட்டான். வந்தான் என்றா சொல்வது, மலையிலிருந்து உருண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். தாடி வளர்ந்து, கண்ணெல்லாம் குழிவிழுந்து, அடையாளமே தெரியவில்லை. அக்கா முதலில் அவன் தோளில் இரண்டு அடி போட்டாள். அப்புறம் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஸ்வெட்டரைத் தன் கையாலேயே மாட்டிவிட்டாள். முறுக்கை ஒடித்து ஒடித்து வாயில் கொடுத்தாள். அவனும் சின்னப் பையன்போல வாயைத் திறந்துகொண்டிருந்தான். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு முட்டி இருந்ததே தெரியாது. நல்லது, அதையாவது பார்த்தேன்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அக்காவால் எழுந்து நிற்க முடியவில்லை. நான் நாற்பது கிலோ ஆள், என்னால் தூக்க முடியாது. மாயவனும் ஐம்பதைத் தாண்டியவர்.

“நான் தூக்கியாரேன்” என்று ஜோஸ்வா குனிந்தான். வேண்டாம் என்று அக்கா கத்தினாள், நானும் சொன்னேன், மாயவனும் சொன்னார். “அப்ப இங்கயே நனையட்டுமா?” என்று கேட்டான். அம்மாவை முதுகில் ஏற்றிக்கொண்டு நாங்கள் ஏறிவந்த பாதையெல்லாம் இறங்கினான்.

மாயவன்மேல் காட்டிலாகா கேஸ் ஒன்று இருந்தது. அடிவாரம் வந்ததும் திரும்பிவிட்டார். ஜோஸ்வாவையும் கூப்பிட்டார். வாய்க்கால் கரையில் அம்மாவை இறக்கித் தன்மேல் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தான் அவன்.

“போடா, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“நீங்க வண்டி கொண்டாங்க மாமா. ஏத்திவுட்டுட்டுப் போறேன். தனியா எப்படி வுட்டுட்டுப் போறது?”

தங்கதுரை என்கிறவருடைய கரும்புக்கொல்லை பக்கத்தில்தான். ஓடினேன். அவர் மாட்டை அவிழ்த்துப் பூட்டி வண்டியைக் கிளப்ப அரைமணி ஆனது. வண்டியோடு திரும்பி வந்தபோது, இரண்டு கான்ஸ்டபிள்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் ஜோஸ்வாவின் ஸ்வெட்டரைப் பிடித்திருந்தான். அக்கா மண்ணில் உட்கார்ந்தபடியே இன்னொருவன் காலைக் கட்டிக்கொண்டு, “என்னைத் தூக்கியாரத்தான் வந்தான்யா, என்னைத் தூக்கியாரத்தான் வந்தான்யா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த கான்ஸ்டபிளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “நாங்க அம்பது கஜத்துல வரப்பவே பாத்துட்டான் சார். ஓடியிருந்தா புடிச்சிருக்க முடியாது. அம்மா சாஞ்சிக்கினு இருந்தாங்க, எழுந்திருக்கல” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

அடுத்த வாரம் பதினோராம் வகுப்பில் நொதிகள் பாடம். வெப்பநிலைக்கும் நொதியின் வேகத்துக்கும் உள்ள வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டேன். பன்னிரண்டு வருஷமாக, கையே தானாகப் போடும் கோடு. குளிர்ச்சியில் தாழ்வாக ஆரம்பிக்கும், சூடு ஏற ஏற மேலே போகும், முப்பத்தேழு நாற்பதில் உச்சி, அதற்குப் பிறகுதான் சரியும். ஏறுகிற பக்கம் சாக்பீஸ் போய்க்கொண்டிருக்கும்போதே எனக்குக் கை நின்றுவிட்டது. அறுபது டிகிரி தோலில்தான். உள்ளே அந்தச் சூடு போகாது, போனால் கால் வெந்தே போகும். உள்ளே முப்பத்து மூன்றில் சோம்பிக்கிடந்ததை முப்பத்தாறுக்கோ முப்பத்தேழுக்கோ ஏற்றிவிட்டிருக்கிறேன். நான் அதைக் கொல்லவில்லை. தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அதற்குத் தீனி போட்டிருக்கிறேன். பிள்ளைகளிடம் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய் மணி அடிக்கும்வரை வேப்பமரத்தடியில் நின்றேன்.

மறுநாளே லீவு போட்டு பாண்டிச்சேரிக்குப் போனேன். செந்தமிழ்ச்செல்வி முழுக்கக் கேட்டாள். நான் எதிர்பார்த்த மாதிரி திட்டவில்லை.

“சோதனைக்குழாயில அப்படித்தான் சார். முப்பத்து மூணுல இருந்து முப்பத்தாறுக்குப் போனாலே கொலாஜன் கரையற வேகம் பல மடங்கு ஆகும்னு கண்டுபிடிச்சிருக்காங்க. ஆனா உயிரோட இருக்கற ஆளுக்கு ஒத்தடத்தால அப்படி ஆச்சான்னு யாராலும் நிச்சயமாச் சொல்ல முடியாது. அந்த முட்டியோட மலை ஏறினாலே இதுதான் நடந்திருக்கும்.”

“ஆனா நான் ஒத்தடம் வெக்காம இருந்திருந்தா அவங்க ஏறியிருக்கவே மாட்டாங்களே டாக்டர்” என்றேன்.

அவள் வலி மாத்திரைக்கு ஒரு சீட்டு எழுதி என் பக்கம் தள்ளினாள். சட்டத்தில் கிடைக்கிற மாதிரி சந்தேகத்தின் பலன் இதில் எனக்குக் கிடைக்காது.

ஜோஸ்வாவுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. அக்காவை இரண்டு தரம் ஜெயிலுக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஏற்றவும் இறக்கவும் கண்டக்டரும் நானும் தூக்க வேண்டும். இரண்டாவது தரம் பார்த்தபோது அவன் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. மலையில் குடித்த தண்ணீரா, ஜெயிலில் குடித்ததா, யாருக்குத் தெரியும். எண்பத்தெட்டு மார்ச்சில், ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் நடந்துகொண்டிருக்கும்போது, மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பெட்டியில்தான் வந்தான்.

கல்லறையில் எல்லோரும் குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார்கள். அக்காவால் குனிய முடியவில்லை. நான் அள்ளி அவள் கையில் வைத்தேன். கையை மூடிக்கொண்டு நின்றாள், போடவே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நான்தான் விழவைத்தேன்.

அதற்குப் பிறகு நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. செலினா போனாள், சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள். எனக்கு அந்தத் தெருவில் சைக்கிளைத் திருப்பவே கை வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன், சொன்னால் அவள் என்னைச் சபித்துவிடுவாள் என்று பயம். ஒரு வருஷம் இப்படியே போனது.

எண்பத்தொன்பதில் ஆட்சி மாறி ஒதுக்கீடு வந்தது. பட்டியலைப் பள்ளிக்கூட ஆபீசில் வாங்கிப் பார்த்தேன். அந்த ஒதுக்கீட்டில் எங்களைப் போல வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவர்களுக்கு இடம் இல்லை. மறியல் கேசுகளையெல்லாம் வாபஸ் வாங்கிவிட்டார்கள் என்றும் செய்தி வந்தது, ஜோஸ்வா கேசும் சேர்த்துத்தான். யாராவது போய்ச் சொல்ல வேண்டுமே. நான்தான் போனேன்.

மத்தியான வெயில். அக்கா வாசலில் கயிற்றுக்கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கால் கோணலாகவே நின்றுவிட்டிருந்தது. கேஸ் வாபஸ் என்று சொன்னேன். “யாருக்குடா?” என்று கேட்டாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் எல்லாம் வந்துவிட்டது. மணல், முப்பத்து மூன்று டிகிரி, கோடு ஏறுகிற பக்கம், டாக்டரம்மா சொன்னது, சொல்லாதது, ஒன்றுவிடாமல் சொன்னேன். “நான்தான்க்கா உன் முட்டிய அழிச்சேன். உன் முட்டி போனதாலதான் அவன் எறங்கி வந்தான்” என்றேன்.

நான் அடிக்காகக் காத்திருந்தேன்.

“அது எனக்கு அப்பவே தெரியும்டா” என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“உன் டிகிரி கணக்கெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? ஆனா ஒடம்பு என்னுதுதானே. மொத வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாம் வாரத்துலருந்தே மோசமாப் போச்சு. மூட்ட மேல இருக்கற வரைக்கும் சொகமா இருக்கும். நீ சைக்கிள் ஏறினதும் கொடைய ஆரம்பிச்சுடும். கெணத்தடிக்குக்கூடப் போவ முடியாம ரெண்டு நாளு தண்ணிய பக்கத்து வூட்லதான் வாங்கினேன்.”

“ஏன்க்கா சொல்லல?” என்று கத்திவிட்டேன். “பரவால்ல பரவால்லன்னு ஏன் சொன்ன?”

“சொன்னா நீ வரமாட்டியே.”

“பத்து வருசமா எட்டிப் பாக்காதவன். திடீர்னு தெனம் வர்ற. என் கால எடுத்து உன் மடிமேல வெச்சிக்கினு, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்ற. சின்னதுல என் தோள்ல ஏறிக்கினு பேசுவியே, அதே மாதிரி. இந்த மணலு எனக்கு ஆவலடான்னு ஒரு வார்த்த சொன்னா நீ மூட்டய அவுத்துக் கொட்டிட்டு உன் வூட்டப் பாத்துப் போயிடுவ. நாளைக்கிச் சொல்லிக்கலாம், நாளைக்கிச் சொல்லிக்கலாம்னு வாய மூடிக்கினு இருந்தேன். புள்ளயும் வேணும், தம்பியும் வேணும்னு பேராச புடிச்சு அலைஞ்சேன்.”

புடவைத் தலைப்பால் வாயை ஒரு தரம் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

“நீ ஒண்ணும் பண்ணல ஆசீரு. நீ வந்து ஒக்காந்த அந்த ஒரு மாசத்துக்கு நான்தான்டா எம்புள்ளயக் குடுத்துட்டேன்.”